கர்வ் பொருந்திவிட்டது, சரி. அப்புறம்?

கார்பன் ஃபைபர் பாகங்கள் நசுங்குவதைக் கணினியில் செய்து காட்டும் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் ஒரு படம் தவறாமல் இருக்கும். பாகம் நசுங்க நசுங்க விசை எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடுதான் கர்வ். டெஸ்ட் கர்வ் கறுப்பில், சிமுலேஷன் கர்வ் சிவப்பில், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று. இந்தச் சிவப்புக் கோட்டைக் கொண்டுவர எந்த டெஸ்டைப் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அதே கறுப்புக் கோட்டைப் பார்த்து என்றால் அது கணிப்பே இல்லை, ஒத்துப்போக வைத்தது.

ஸ்டீலில் பழகி வருபவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. ஸ்டீல் குழாயை நெடுக்காக நசுக்கினால் மடிப்பு மடிப்பாக மடியும். இழுவிசை டெஸ்டில் கிடைக்கும் தரவே பெரும்பாலும் போதும். கார்பன் குழாய் அப்படி மடியாது. ஒழுங்காக நசுங்கும்போது அதன் முனை, கடித்த வேலங்குச்சி மாதிரி பிரிந்து உள்ளேயும் வெளியேயும் விரியும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கழல்கின்றன, இழைகள் ஒடிகின்றன, இழைகளை ஒட்டி வைத்திருக்கும் ரெசின் பொடிகிறது. பொடி நடுவில் ஆப்பாகச் சிக்கிக்கொள்ள, உராய்வும் சேர்கிறது. ஆற்றலை விழுங்குவது இத்தனையும் சேர்ந்துதான். முனையைச் சாய்வாகச் சீவிவிடாவிட்டால் விசை எகிறி, குழாய் நடுவில் எங்கேயோ முறிந்து, பெரிதாக ஆற்றல் எதையும் வாங்காமலேயே போய்விடலாம்.

இதையெல்லாம் மாடலில் எப்படிக் கொண்டுவருகிறோம்? எல்எஸ்-டைனா என்ற மோதல் சிமுலேஷன் மென்பொருளில் பலரும் எடுப்பது மேட் 54 என்ற பொருள் மாடல். பாகத்தைச் சின்னச் சின்னத் தகட்டுத் துண்டுகளாக, அதாவது ஷெல் எலிமென்ட்டுகளாகப் பிரித்து, எல்லா அடுக்குகளையும் ஒரே எலிமென்ட்டுக்குள் அடக்கிவிடுவோம். அடுக்குகள் கழல்வதற்கு அதில் இடமே இல்லை. அடுக்குகள் எல்லாம் தோற்றதும் எலிமென்ட் அழிக்கப்படும், அடுத்த வரிசை முழு பலத்தோடு சுவரில் மோதும், விசை மறுபடி எகிறும், குழாய் நெளிந்துவிடும். இதைச் சமாளிக்க சாஃப்ட் என்று ஒரு எண் உண்டு. அழிந்த எலிமென்ட்டை ஒட்டி இருப்பவற்றின் வலிமையை அது குறைத்துக் காட்டும். இந்த எண்ணை எந்த லேபிலும் அளக்க முடியாது. கர்வ் பொருந்தும் வரை திருகித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திருகுவதில் தப்பில்லை. அந்த எண்ணைப் பொருளின் குணம் என்று நினைத்து அடுத்த பாகத்துக்குத் தூக்கிப் போவதுதான் வம்பு. அதே இழை, அதே ரெசின், அதே அடுக்கு வரிசை. வடிவம் மட்டும் மாறட்டும், ஒரு கிலோவுக்கு விழுங்கும் ஆற்றல் மாறிவிடும். வளைவும் மூலையும் அடுக்குகளைப் பிடித்து வைக்கின்றன, தட்டையான பக்கம் சுலபமாகத் திறந்துகொள்கிறது. நெளிதகட்டுக்குப் பொருந்திய சாஃப்ட் சதுரக் குழாய்க்குப் பொருந்தாது. மெஷ் அளவை, அதாவது எலிமென்ட்டுகளின் அளவை, மாற்றினாலும் மறுபடி திருக வேண்டியிருக்கும்.

ஃபில்டர் போடாத கர்வையும் கேட்டு வாங்குங்கள். ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு வரிசை அழியும்போதும் விசை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழும். ஃபில்டர் அதை வழவழப்பாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இடையில் ஒன்று. 1981-இல் மோன்சாவில் ஜான் வாட்சன் ஓட்டிய, கார்பன் ஃபைபர் கூடு கொண்ட ஃபார்முலா ஒன் கார் மெக்லாரன் எம்பி4/1 மோதி, எஞ்சின் தனியாகப் பிய்ந்து போயும் அவர் இறங்கி நடந்தார். கார்பன் மோதலை நன்றாக உறிஞ்சும் என்பதற்குச் சாட்சியாக இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டுநர் இருந்த கூடு உடையாமல் நின்றது அங்கே. நசுங்கி ஆற்றலை வாங்கும் மூக்குப் பாகத்தின் வேலை முற்றிலும் வேறு.

அடுக்குகளைத் தனித்தனி ஷெல்களாக வைத்து நடுவே பசை மாதிரி ஒட்டிப் பிடிக்கும் கோஹெசிவ் எலிமென்ட் போடும் வழியும் இருக்கிறது. அதற்கு வேண்டிய முறிவு ஆற்றலை, அடுக்குகளைப் பிளந்தும் வளைத்தும் பார்க்கும் டிசிபி, இஎன்எஃப் டெஸ்டுகளில் நேரடியாக அளக்கலாம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். ஆனால் ஓட நேரம் பிடிக்கும், அப்புறம் உராய்வு எண்ணைத் திருகும் ஆசை வரும்.

என் டீமில் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரு வடிவத்தில் திருகிக்கொள்ளலாம். அடுத்த வடிவத்துக்கான ரன்னை, சாய்வாக மோதும் ரன்னையும் சேர்த்து, டெஸ்ட் நடக்கும் முன்பே தேதி போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அதில் கோடுகள் 15, 20 சதவீதம் விலகியிருந்தாலும் நான் கையெழுத்துப் போடுவேன்.