கார்டு படிக்கவில்லை, படங்கள் போய்விட்டனவா?

கேமராவின் மெமரி கார்டைக் கணினியில் போட்டால், ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்கிறது, பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அதில்தான் இருக்கின்றன, என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, ஃபார்மேட் பொத்தானைத் தொடாதீர்கள். கார்டை வெளியே எடுத்து வையுங்கள். அதில் இனி ஒரு படம்கூட எடுக்க வேண்டாம்.

எளிய சோதனைகளை முதலில் முடித்துவிடுவோம். வேறு ரீடர், வேறு கணினி, மைக்ரோ எஸ்டி என்றால் வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். பொன்னிறத் தகடுகளில் பிசுக்கு இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் பூட்டுப் பொத்தானைப் பலரும் சந்தேகப்படுகிறார்கள். அது எழுதுவதைத்தான் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஹெச்சி கார்டுகள் 2006-இல்தான் வந்தன. அதற்கு முந்தைய ரீடர் உங்களிடம் இருந்தால் அவற்றை அது அடையாளமே காணாது. கார்டில் பழுது எதுவும் இருக்காது.

இதையெல்லாம் தாண்டியும் கார்டு திறக்கவில்லை என்றால், அதன் உள்ளே போக வேண்டியதுதான்.

படம் என்பது அங்கே சிறைப்பட்ட எலக்ட்ரான்கள். சிலிக்கானுக்கு மேலே, சில நானோமீட்டர் தடிமனே உள்ள கண்ணாடி போன்ற ஆக்சைடு படலத்துக்கு அப்பால் அவை அடைபட்டிருக்கின்றன. மின்சாரம் இல்லாமலே வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். எழுதும்போது பெரிய மின்னழுத்தம் கொடுத்தால், கடக்கவே முடியாத அந்தச் சுவரை எலக்ட்ரான்கள் குவாண்டம் ஊடுருவலால் கடந்து உள்ளே போகின்றன. வலுவான மின்புலத்தில் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் இதே ஊடுருவலால் எப்படி வெளியேறுகிறது என்று இயற்பியலாளர்கள் ஃபௌலரும் நார்ட்ஹைமும் கணக்கிட்டது 1928-இல். இந்தக் கார்டுகளுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைத் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா உலகுக்குக் காட்டியது 1984-இல். இடையில் 56 ஆண்டுகள். 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கான நிதியை வெட்டுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்ததுதான். ஃபிளாஷில் எழுதியதன் மேலேயே திருத்தி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடக்கிறது. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாகத்தான் முடியும். ஒரே ஒரு பக்கத்தை மாற்றுவதற்காகத் தொகுதி முழுவதையும் அழித்துக்கொண்டிருந்தால் கார்டு சீக்கிரமே தேய்ந்துபோகும். அதனால் கார்டுக்குள் கன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி ஒன்று இருக்கிறது. கணினி '500-ஆம் இடத்தில் எழுது' என்றால், அது புதியதைக் காலியாக உள்ள வேறொரு பக்கத்தில் எழுதிவிட்டு, 500 இனி இங்கே இருக்கிறது என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். தேய்மானம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும்படி தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் பேத்தியின் ஒரு படம் கார்டின் பத்துப் பதினைந்து மூலைகளில் சிதறிக் கிடக்கலாம். எது எங்கே என்பது அந்த அட்டவணைக்கு மட்டுமே தெரியும்.

அட்டவணை புதுப்பிக்கப்படும் நொடியில் கார்டைப் பிடுங்கினாலோ, கேமராவின் பேட்டரி தீர்ந்தாலோ, கன்ட்ரோலர் குழம்பிவிடும். நிலம் அப்படியே இருக்க, ஊரின் பட்டாப் பதிவேடு எரிந்துபோன நிலைமை அது. அப்போது 32 ஜிபி கார்டு கணினியில் 0 பைட் என்றோ சில எம்பி என்றோ தெரியும். அல்லது தெரியவே தெரியாது. இந்த நிலையில் மென்பொருள் எதுவும் உதவாது. தரவு மீட்பு ஆய்வகத்தில் சிப்பை நேரடியாகப் படித்து, அட்டவணையை ஊகித்துக் கட்டியெழுப்ப வேண்டும். செலவு அதிகம், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஃபிரீசரில் வை, அரிசிக்குள் புதைத்து வை என்று சொல்வதைக் கேட்காதீர்கள். குளிரால் அட்டவணை திரும்பி வராது. ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் படியும் ஈரம் தகடுகளை அரிக்கத்தான் செய்யும்.

வாசகரின் கார்டு வேறு வகையாக இருக்கலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள். கொள்ளளவு சரியாகக் காட்டி, 'ரா' (RAW) என்று எழுதியிருந்தால் நல்ல செய்தி. கன்ட்ரோலர் நலமாக இருக்கிறது, சிதறிக் கிடப்பதை அதுவே வரிசையாக எடுத்துக் கொடுத்துவிடும். அதற்கு மேலே கணினி வைத்திருக்கும் கோப்புப் பட்டியல்தான் கெட்டிருக்கிறது. விரைவு ஃபார்மேட் அந்தப் பட்டியலைப் புதிதாக எழுதிவிடும். முழு ஃபார்மேட் கார்டு முழுக்கப் பூஜ்யத்தை நிரப்பிவிடும். இரண்டுமே இப்போது வேண்டாம்.

முதலில் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாகக் கணினிக்கு நகலெடுங்கள். அப்புறம் அந்த நகலில் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். அது கோப்புப் பட்டியலை நம்புவதில்லை. ஜேபெக் படம் எல்லாமே எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். அந்தத் தொடக்கத்தைத் தேடி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். கோப்பின் பெயர்கள் போய்விடும், ஆனால் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். வீடியோக்கள் மட்டும் நீளமானவை. கார்டில் துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்தால் பாதிதான் கிடைக்கும்.