தகவலை ‘அணுகுவதா’, பெறுவதா?

திருகோணமலையில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் என்றால் போதும், பின்சுவரில் கட்டிய பதாகையில் ‘தகவலை அணுகும் உரிமை’ என்று எழுதியிருக்கும். கையேட்டிலும் அதுதான். வளவாளர் பேசும்போதும் ‘தகவல் அணுகல்’, ‘அணுகல் மறுக்கப்பட்டால்’, ‘அணுகலை மேம்படுத்தல்’ என்றுதான் வரும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வெறும் காதுப் புளிப்பென்றால் பொறுத்துக்கொள்ளலாம். அரச அலுவலகங்களில் உள்ள தகவலைக் கேட்டு வாங்கச் சனத்துக்குச் சட்டம் கொடுத்த உரிமையை இந்தச் சொல் குறைத்துச் சொல்கிறது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் இருப்பது ‘அக்சஸ்’. அதன் லத்தீன் வேருக்கு ‘ஒன்றை நோக்கிப் போதல்’ என்று பொருள். மொழிபெயர்த்தவர் அந்த வேரைப் பிடித்துக்கொண்டு அணுகல் என்று போட்டுவிட்டார். ஆனால் ஆங்கிலச் சொல் வேரிலேயே நிற்கவில்லை. போவதற்கு வழி, பிறகு உள்ளே நுழைய அனுமதி, பிறகு எடுத்துப் பயன்படுத்தும் வாய்ப்பு என்று அது வெகுதூரம் வந்துவிட்டது. நம் அணுகு அப்படி வரவில்லை.

அண் என்ற அடியிலிருந்து வருவது அணுகு. அண்மை, அண்டை, அணித்து எல்லாம் அதன் உறவுகள். எல்லாவற்றிலும் கிட்ட இருப்பதுதான் பொருள், கையில் கிடைப்பது எதிலும் இல்லை. அண்டை வீடு நம் வீடு ஆகாது. ‘கிட்ட அண்ட விடமாட்டான்’ என்கிறோமே, அதிலும் தூரம்தான் பேச்சு. ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்று 691ஆம் குறள் சொல்வது, அரசரோடு பழகுகிறவர் விலகியும் போகாமல் நெருங்கியும் விடாமல் இருக்கவேண்டும் என்று. அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதைச் சொல்லத்தான் அங்கே அந்தச் சொல் வந்தது. அதே சொல்லைக் கொண்டுவந்து, அதிகாரத்திடம் பத்திரத்தைக் கேட்டு வாங்கும் உரிமைக்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2015இல் 19ஆவது திருத்தம் வந்தபோது இலங்கை அரசியலமைப்பில் 14அ உறுப்புரை சேர்ந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் அதற்கு உருக்கொடுத்தது. 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரஜை ஒருவர் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம், ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலம். கேட்டவர் ஆவணத்தைப் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பிரதிக்கு எவ்வளவு காசு, முதல் 4 பக்கத்துக்குக் காசில்லை என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். கிட்டப் போய் நிற்பதற்கு எந்த நாட்டிலாவது போட்டோக் கொப்பிக் கட்டணம் விதிப்பார்களா?

இதெல்லாம் சொல் விளையாட்டு, சனத்துக்கு விளங்கினால் சரி என்று ஒரு நண்பர் சொன்னார். விளங்கவில்லை என்பதுதான் என் பேச்சு. ஒரு பிரதேசத்தில், அரச காணி கொடுக்க ஆட்களைத் தெரிவுசெய்யும் காணிக் கச்சேரி வைத்து அனுமதிப்பத்திரம் கொடுத்திருந்தார்கள். தன் பெயர் ஏன் விடுபட்டது என்று அறிய, எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தெரிவுப் பட்டியலையும் கூட்டக் குறிப்பையும் கேட்டு எழுதினார். கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். அலுவலர் மரியாதையானவர். கதிரை போட்டு இருத்தி, கோப்பைத் திறந்து, எழுத்து அக்காவின் பக்கம் வரும்படி மேசையில் திருப்பி வைத்தார். அக்கா விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். இரண்டாம் பக்கம் முடியுமுன் கோப்பு மூடப்பட்டது. “சரி, பார்த்திட்டீங்கதானே அக்கா.” பிரதி வேணும் என்றோம். அவர் லாச்சியைத் திறந்து நான் முதலில் சொன்ன விழிப்புணர்வுக் கூட்டத்துக் கையேட்டை எடுத்துக் காட்டினார். “அணுகலாம் எண்டுதானே போட்டிருக்கு. நீங்க அணுகிட்டீங்க.” அந்த மனிதர் ஏமாற்றவில்லை. தமிழ் தெரிந்தவர், தமிழில் எழுதியிருந்ததைச் சரியாக வாசித்தார், அவ்வளவுதான். பிறகு மேன்முறையீட்டில் ‘பிரதியைப் பெற’ என்று தெளிவாக எழுதித்தான் அந்தத் தாள்கள் அக்காவின் கைக்கு வந்தன.

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாத கதை இதுதான்.

இதற்குச் சரியான சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது: பெறுதல். தகவலைப் பெறும் உரிமை. ஊரில் கடிதம் எழுதுகிற எல்லோரும் ‘பெறுநர்’ என்று போடுகிறார்கள். பிள்ளைகள் பரீட்சைப் பெறுபேறு பார்க்க ஓடுகிறார்கள். பொருளின் விலையைப் பெறுமதி என்கிறோம். எல்லாவற்றிலும் ஒன்று கையில் வந்து சேர்கிறது. மூதூரில் மீன் வாடி வைத்திருப்பவருக்கும் தம்பலகாமத்தில் வயல் செய்கிறவருக்கும் விளக்கவுரை வேண்டாத சொல். தமிழ்நாட்டிலும் ‘தகவல் பெறும் உரிமை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

‘தகவல் அறியும் உரிமை’ என்பதோடு எனக்கு இவ்வளவு சண்டை இல்லை. பத்திரிகைகளில் ஊன்றிவிட்ட தொடர், சிங்களத்தில் சொல்லும் ‘தொரத்துரு தெனகெனீமே’ என்பதோடும் ஒத்துப்போகிறது. ஆனால் சிங்களத்தில் அந்தச் சொல்லின் வாலில் ‘எடுத்தல்’ என்ற வினை ஒட்டியிருக்கிறது. நம் ‘அறியும்’ என்பதில் அது இல்லை, ‘அறிந்துகொள்ளும்’ என்றால்தான் வரும். வாயால் சொல்லிவிட்டாலும் அறிந்ததுதானே என்று ஒருவர் வாதிட இடமிருக்கிறது. ‘தகவலுக்கான உரிமை’ என்பதில் பிழையில்லை, ஆனால் வினையே இல்லாததால் என்ன செய்வதற்கு உரிமை என்பது தெரியாது. தலைப்புக்குப் போதும்.

அணுகல் தூய தமிழ்ச் சொல் என்று வாதாடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். தூயதுதான். தூய்மை பார்த்தால், இந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ‘ஆர்டிஐ போடுறது’ என்று பஸ்ஸில் சனம் பேசுவது கலப்படம். ஆனால் அந்தக் கலப்படச் சொல்லைக் கேட்டவர் என்ன செய்யவேண்டும் என்று விளங்கிக்கொள்கிறார். தமிழ் வேர் இருந்தும் தமிழ்ப் பொருள் இல்லாத சொல்லைவிட எனக்கு அது மேல். அணுகல் பொருந்தும் இடங்கள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவர் கட்டடத்துக்குள் போக வழி இருக்கிறதா என்று பேசும்போது அது நல்ல சொல். அங்கே பிரச்சினையே கிட்டப் போவதில்தான் இருக்கிறது.

திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை நினைத்துப் பாருங்கள். 99 தாங்கிகள். 2022 ஜனவரியில் செய்த ஏற்பாட்டில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கை நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் என்று பிரிந்தன. ஊரில் பிறந்த ஒருவர் அந்த வேலியோரம் ஆயுள் முழுக்கப் போய்வரலாம். அது அணுகல். ஒப்பந்தத்தின் எந்த வாசகத்தில் எத்தனை வருடம், என்ன வாடகை என்று தாளாகக் கேட்டு வாங்குவது வேறு காரியம். சட்டத்தில் ‘தகவல்’ என்பதற்குச் சொல்லும் வரைவிலக்கணத்தில் ஒப்பந்தம், வரைபடம், சுற்றறிக்கை, மின்னஞ்சல், பதிவுப் புத்தகம் எல்லாம் அடங்கும். இவ்வளவையும் அடக்கியவர்கள் மக்களை வேலியோரம் நிறுத்திவைக்க அடக்கவில்லை.

இந்தக் கையேடுகளை மொழிபெயர்க்கிறவர்கள்மேல் எனக்கு உள்ள கோபம் ஒரு சொல்லோடு முடிவதில்லை. ஒரு விடயத்தால் பாதிக்கப்படும் எல்லோரையும் ‘பங்குதாரர்’ என்று எழுதுகிறார்கள். பங்குதாரர் கம்பனியில் பங்கு வைத்திருப்பவர். கரைவலைப் பாடு பறிபோன நிலாவெளி மீனவருக்கு எந்தக் கம்பனியில் பங்கு? ‘இயலளவைக் கட்டியெழுப்பல்’ என்கிறார்கள், பயிற்சி என்று சொன்னால் முடிந்தது. ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் அடுக்கி, ஒருமுறையாவது வாய்விட்டு வாசித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புகிறார்கள். தமிழில் வாசித்து விண்ணப்பம் எழுதப்போகிற மனிதர் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

பெறுதலைப் பெயர்ச்சொல்லாக்கி ‘தகவற்பேறு’ என்று வைக்கலாமா என்று ஒரு தமிழாசிரியர் கேட்டார். வேண்டாம். பேறு என்றால் நம் காதுக்குப் பிள்ளைப்பேறும் பெரும்பேறும்தான் முதலில் வரும், இன்னொரு கையேட்டுச் சொல்லாகப் போய்விடும். வினையாகவே விடுங்கள். தலைப்பில் ‘தகவலைப் பெறும் உரிமை’, மறுத்தால் ‘தர மறுத்தல்’, விண்ணப்பத்தில் ‘கீழ்வரும் ஆவணங்களின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளைப் பெற விரும்புகிறேன்’.