வசிய மந்திரம் எவ்வளவு நேரம் நிற்கும்? மோதிரம் வாங்கும் முன் ஒரு கணக்கு

ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம்களை டெஸ்ட் செய்வது என் பிழைப்பு. சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தே வேலை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “கரிஸ்மா ஏத்தினா வசியம் ரொம்ப நேரம் நிக்குமாண்ணா?”

கரிஸ்மா என்பது கேமில் உங்கள் கதாபாத்திரத்தின் கவர்ச்சியைக் காட்டும் எண், அதாவது ஒரு ‘ஸ்டாட்’. வசியம், எதிரியையோ மிருகத்தையோ மயக்கி உங்கள் பக்கம் இழுக்கும் மந்திரம். அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கேமைப் பொறுத்தது. இந்த மந்திரத்தின் பூர்வீகம், மேசையில் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் பழைய விதிகளில் மாட்டிக்கொண்டவரின் அறிவைப் பார்ப்பார்கள். அறிவு 3 அல்லது அதற்கும் கீழே என்றால் விடுபட 3 மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. 18 என்றால் 2 நாளுக்கு ஒருமுறை. மக்குப் பூதம் மாதக்கணக்கில் பின்னாலேயே வரும்! 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சார்ம் பெர்சன் மந்திரத்துக்கு 1 மணி நேரம், அவ்வளவுதான். உங்கள் ஸ்டாட், மந்திரம் பலிப்பதற்கு உதவும். பலித்த பிறகு நேரத்தைக் கூட்டாது.

குழப்பமெல்லாம் 1999இல் வந்த எவர்குவெஸ்ட் வழிவந்த கேம்களில்தான். எவர்குவெஸ்ட்டில் 6 விநாடி ஒரு ‘டிக்’. இந்த மாதிரி கேம்களில் திரையில் தெரியும் நேரம் வெறும் உச்சவரம்பு. அதற்குள் மிருகம் எப்போது வேண்டுமானாலும் முறித்துக்கொண்டு உங்கள் மேலேயே பாயும். ஒவ்வொரு டிக்கிலும் 5 சதவீதம் முறியும் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 20 டிக், அதாவது 2 நிமிடம் நிற்கும். ஆனால் ஐந்தில் ஒருமுறைக்கு மேல் அரை நிமிடத்துக்குள்ளேயே முறியும்; எட்டில் ஒருமுறை 4 நிமிடத்தையும் தாண்டும். ஸ்டாட் எதையும் மாற்றாமலேயே இவ்வளவு ஏற்ற இறக்கம்.

கரிஸ்மா ஏற்றி அந்த 5-ஐ 4 ஆக்கினால் சராசரி இரண்டரை நிமிடம். ஏற்கெனவே 2-இல் இருப்பவர் 1-க்கு இறக்கினால் 5 நிமிடம் 10 ஆகிவிடும். குறைவது அதே ஒரு சதவீதம்தான், பலனோ எங்கேயோ போய்விடுகிறது. கரிஸ்மாவை ஏற்றுவதாக வளர்ந்த ஆட்டக்காரர் புகழும் மோதிரம் புதியவருக்குப் பிரயோஜனப்படாமல் போக இதுவே போதும்.

போன மாதம் தட்டுவடை செட் கடையில் ஒரு கல்லூரித் தம்பி போனை நீட்டினான். மோதிரம் போட்டால் கரடி 6 நிமிடம் நிற்கிறது, கழற்றினால் 40 விநாடி. “ப்ரூஃப்ண்ணா. ஆயிரத்தைந்நூறு ரூபா கேக்கறான், வாங்கிடட்டா?” விற்பவன் அனுப்பிய வீடியோ அது. கரடியின் பெயருக்குக் கீழே பார்க்கச் சொன்னேன். மோதிரத்தோடு பிடித்த கரடி லெவல் 31, இன்னொன்று 34. பல கேம்களில் கரிஸ்மாவைவிட லெவல் வித்தியாசமும் மிருகத்தின் எதிர்ப்புச் சக்தியுமே அதிகம் பேசும். எதிர்ப்பைக் குறைக்கும் மந்திரத்தை முதலில் போட்டாலே பாதி வேலை முடிந்தது, அதற்குக் காசும் வேண்டாம்.

சோதிப்பதானால் ஒரே லெவல் மிருகம், ஒரே மந்திரம். மோதிரத்தோடு சில நூறு தடவை, இல்லாமல் அதே அளவு. அரை நிமிட வித்தியாசம் நிஜமா என்று அப்போதுதான் தெரியும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? விற்பவர்களுக்கு அது தெரியும்.

பல கேம்களில் பொருளை வெளியே காசுக்கு வாங்கினால் கணக்கையே முடக்குவார்கள். அதைவிட மோசம், “மாற்றிவிடப் பாஸ்வேர்டு கொடு, ஓடிபி சொல்லு” என்று கேட்பது. அந்தத் தம்பியிடமும் விற்பவன் கேட்டிருந்தான், நல்லவேளை தம்பி கொடுக்கவில்லை. கொடுத்துப் பணம் போயிருந்தால் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.