இரண்டு விரலில் ஜாஸ்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரையின் கீழ் கிட்டார் பழகுவது வீண் வேலை. மழை விடும்வரை பெரியப்பா ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் தந்தியில் ஏறிய துருவைத் துடைத்துக்கொண்டிருப்பேன். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். இப்போது வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயில் பஜனைக்கு வாசிக்கிறார். ஒருநாள் மழை ஓய்ந்ததும் அவரிடம் ஓர் உதவி கேட்டேன். “பெரியப்பா, சட்ஜமத்தை மட்டும் விடாமல் பாடுங்கள். நான் என்ன வாசித்தாலும் நகர வேண்டாம்.”

ஆர்மோனியத்தில் ‘சி’ கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் பாடினார். நான் அடியில் நான்கு கார்டுகளை நிதானமாக மீட்டினேன்: சி மேஜர் செவன், ஏ மைனர் செவன், எஃப் மேஜர் செவன், டி மைனர் செவன். கார்ட் என்பது சில சுரங்களை ஒருசேர ஒலிப்பதுதான்; பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். நான்காவது வந்ததும் பெரியப்பா நிறுத்திவிட்டார்.

“நான் அசையவே இல்லையேப்பா. என் சட்ஜமம் ஏன் வேறு வேறாகக் கேட்கிறது?”

அவர் பாடிய சுரம் முதல் கார்டில் ஆதாரமாக இருந்தது. ஒவ்வொரு கார்டின் ஆதாரத்தையும் ஒன்று என்று எண்ணினால், இரண்டாவதில் அதுவே மூன்றாம் சுரம், மூன்றாவதில் ஐந்தாம் சுரம், நான்காவதில் ஏழாம் சுரம். ஆள் அதே இடத்தில் நிற்கிறார், காலடியில் தரை நகர்கிறது. நம் கற்பனாசுரத்தில் தம்புரா போட்ட தரை கச்சேரி முடியும்வரை அசையாது, பாடகர்தான் அலைகிறார். ஜாஸில் ஒரு தாளவட்டத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு முறைகூடத் தரை மாறுகிறது. அது எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே காதால் அறிவதுதான் ஜாஸ் கற்பனையின் பாதி வேலை.

அதற்கு ஆறு தந்தியையும் அள்ளிப் பிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் கவுண்ட் பேசியின் குழுவில் 1937 முதல் ஐம்பது ஆண்டுகள் தாளக் கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீன், பல இடங்களில் ஒன்றிரண்டு சுரங்களை மட்டுமே ஒலிக்கவிட்டார். ஆதார சுரத்தைப் பாஸ் வாத்தியக்காரர் பார்த்துக்கொள்வார். ஐந்தாம் சுரமோ ஆதாரத்தின் துணைச்சுரங்களிலேயே ஒளிந்திருக்கிறது. அதை அழுத்திச் சொன்னாலும் புதுச் செய்தி இல்லை. கார்ட் மேஜரா (மூன்றாம் சுரம் உயர்ந்தது) மைனரா (அது தாழ்ந்தது), நிற்கப் போகிறதா நகரப் போகிறதா என்று சொல்பவை மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும்தான்.

கிட்டார் கையில் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். வீணையின் மெட்டுதான் கிட்டாரில் ஃப்ரெட்; மெட்டு என்றே சொல்கிறேன். நான்காம் தந்தியில் மூன்றாம் மெட்டு, மூன்றாம் தந்தியில் ஐந்தாம் மெட்டு. இரண்டையும் சேர்த்து மீட்டினால் அது டி மைனர் செவனின் சாரம். இப்போது மூன்றாம் தந்தியில் உள்ள விரலை மட்டும் ஒரு மெட்டு இறக்குங்கள்: ஜி செவன். அடுத்து நான்காம் தந்தியில் உள்ள விரலை ஒரு மெட்டு இறக்குங்கள்: சி மேஜர் செவன். ஜாஸில் அதிகம் புழங்கும் நடை இதுதான். ஒவ்வொரு முறையும் ஒரே விரல், ஒரே மெட்டு.

நடுவில் வந்த ஜி செவன் மட்டும் ஏன் கூசுகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அங்கே ஒலிப்பவை ‘எஃப்’, ‘பி’ என்ற இரண்டு சுரங்கள். முதலாவது வினாடிக்கு 174.6 முறை அதிர்கிறது, இரண்டாவது 246.9 முறை. தந்தி ஒற்றை அதிர்வோடு நிற்பதில்லை. இரு மடங்கு, மும்மடங்கு என்று துணைச்சுரங்களையும் சேர்த்தே எழுப்புகிறது. ‘எஃப்’பின் மும்மடங்கு ஏறத்தாழ 523.8. ‘பி’யின் இரு மடங்கு 493.9. இரண்டுக்கும் இடையே 30. நெருங்கிய இரு ஒலிகள் ஒன்றாகச் சேர்ந்தால், அவற்றின் வித்தியாசம் எத்தனையோ அத்தனை முறை ஒலி ஏறி இறங்கும். பள்ளிப் பாடத்தில் விம்மல் என்று படித்தோமே, அதுதான். வினாடிக்கு 30 விம்மலைக் காது தனித்தனியாக எண்ண முடியாது, கரகரப்பாகவே உணர்கிறது. கரகரப்பு உச்சத்தில் இருப்பது ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலிலேயே எழுதிவிட்டார்.

இனி விரலை ஒரு மெட்டு இறக்குங்கள். ‘எஃப்’ போய் ‘ஈ’ வருகிறது: 164.8. அதன் மும்மடங்கு 494.4. ‘பி’யின் 493.9-உடன் ஒட்டிக்கொள்ள அரை அதிர்வுதான் குறை. விம்மல் இரண்டு வினாடிக்கு ஒன்று என்ற அளவுக்கு ஓய்ந்துவிடுகிறது. வலியில் கத்திக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று தூங்கிப்போவது போல இருக்கும்.

ஆனால் இயற்பியலே எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. பொலிவியாவின் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் இணக்கமான சுரச் சேர்க்கைகளையும் முரணானவற்றையும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுபோல இனிமை என்றார்கள் அவர்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வு அது. கரகரப்பைக் காது தானே அறியும். அது தீர்ந்தாக வேண்டும் என்ற தவிப்பு, கேட்டுக் கேட்டுப் பழகியதால் வருவது. ஆகவே ஜாஸ் கற்பவர் விரலைவிட அதிகமாகக் காதுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த ‘எஃப்–பி’ இணைக்கு இன்னொரு குறும்பும் உண்டு. பன்னிரண்டு மெட்டு ஏறினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வரும். ‘எஃப்’பிலிருந்து ‘பி’க்கு ஆறு மெட்டு, ‘பி’யிலிருந்து அடுத்த ‘எஃப்’புக்கும் ஆறே மெட்டு. சரிபாதி. அதனால் இந்த இணை இரண்டு கார்டுகளுக்குப் பொது: ஜி செவனுக்கும், டி ஃபிளாட் செவனுக்கும் (டி ஃபிளாட் என்பது ‘டி’க்கு ஒரு மெட்டு கீழே). இரண்டு விரலையும் அசைக்காமல் அடிச்சுரத்தை மட்டும் மாற்றினால் போதும். ஐந்தாம் தந்தியில் அடிச்சுரம் ஐந்தாம் மெட்டு, நான்காம் மெட்டு, மூன்றாம் மெட்டு என்று படியிறங்க, மேலே பழைய விரல்கள் பழைய வேலையையே செய்கின்றன. இதை முதன்முதலில் கண்டுகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது. சி மேஜரின் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களே. ரிஷபத்தை ஆதாரமாக்கிக் கிரகபேதம் செய்தால் கரகரப்பிரியா, பஞ்சமத்திலிருந்து அரிகாம்போதி. ஜாஸ் வகுப்பில் இவற்றையே டோரியன், மிக்சோலிடியன் என்பார்கள். முந்தைய பத்தியில் சொன்ன டி ஃபிளாட் செவன் மேல் ஜாஸ்காரர்கள் விரும்பி வாசிக்கும் சுரவரிசை அப்படியே வாசஸ்பதி. கமகமும் பிரயோகமும் இல்லாமல் ராகம் ஏது என்று பெரியப்பா சண்டைக்கு வருவார். அவர் சொல்வது சரி. சுரவரிசைகளின் முகவரியை நினைவில் வைக்க மட்டும் இது உதவும்.

முகவரி தெரிந்தால் வீடு தெரிந்துவிடாது. இரண்டு ஆண்டுகள் இந்தச் சுரவரிசைகளை மேலும் கீழுமாக உருட்டிவிட்டு, ஒரு தீபாவளி விருந்தில் துணிந்து வாசித்தேன். ஒரு சுரமும் தப்பில்லை. “மாடிப்படி ஏறி இறங்கினாய், வீட்டுக்குள் போகவே இல்லை” என்றாள் அக்காள். கார்ட் மாறும் கணத்தில் புதிய தரையின் மூன்றாம் சுரத்தில் வந்து இறங்க எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு வட்டத்தின் முதல் தட்டுக்கும் அந்தச் சுரத்தைக் குறிவைத்து, ஒரு மெட்டு மேலிருந்தோ கீழிருந்தோ அதை நெருங்கிப் பழகுகிறேன். நிமிடத்துக்கு 60 தட்டு. வாயால் பாடிவிட்டுத்தான் விரல்.

இன்னொரு தவறு, ஒரே சுருதியில் ஒரு வாரம் ஊறிக் கிடந்தது. ஷே, மார்கன் என்ற இருவர் 1979-இல் கை அசைவுகளைக் கற்பித்துச் சோதித்தார்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று வரிசையாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். கலைத்துப் போட்டுப் பழகியவர்கள் அப்போது தடுமாறினார்கள். பிறகு வைத்த தேர்வில் அவர்களே முந்தினார்கள். ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து புதிதாகத் தோண்டி எடுக்க வேண்டியிருப்பதே காரணம் என்பது ஒரு விளக்கம்.

அப்படித் தோண்டித் தோண்டிப் பழகியவர்கள் கற்பனையில் இறங்கும்போது மூளையில் என்ன நடக்கிறது? சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் இருவரும் 2008-இல் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். கற்பனையின்போது, நம்மை நாமே கண்காணிக்கும் முன்மூளைப் பக்கப் பகுதிகள் அடங்கின; சுய வெளிப்பாட்டோடு தொடர்புடைய நடுப்பகுதி கிளர்ந்தது. ஆறே பேர்தான், அவ்வளவு பேரும் தொழில்முறைக் கலைஞர்கள். காவல்காரனை வெளியே அனுப்பும் துணிச்சல் அவர்களுக்கு உண்டு. எனக்கு இன்னும் அவன் வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு சுருதிகளையும் துண்டுச் சீட்டில் எழுதிப் பழைய மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். சீட்டை எடுப்பது பெரியப்பாவின் பொறுப்பு. நேற்று எஃப் ஷார்ப் வந்தது. நான் டின்னை மறுபடி நீட்டினேன். அவர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆர்மோனியத்தில் அந்தக் கறுப்புக் கட்டையை அழுத்திப் பிடித்தார்.