தீர்ப்புக்கு முன் எத்தனை நாள் சிறை? விசாரணைக் கைதிக்குச் சட்டம் வகுத்துள்ள கால வரம்புகள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, சிறையில் இருந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் இன்னும் எந்த நீதிமன்றத்தாலும் குற்றவாளி என்று அறிவிக்கப்படாதவர்கள். ஜாமீன் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம் என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் எண்ணுகின்றன. பல வழக்குகளில் அது உண்மையே. ஆனால் குறிப்பிட்ட நாள்கள் கடந்துவிட்டால், வழக்கின் தன்மையை எடைபோடாமலேயே வெளியே விட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்லும் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதலாவது புலன்விசாரணைக் காலத்துக்கு உரியது. இரண்டாவது வழக்கு நடக்கும் காலத்துக்கு உரியது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவு முதல் கட்டத்தைக் கூறுகிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது பத்து ஆண்டு அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்றால் 90 நாளுக்குள்ளும், மற்றக் குற்றங்களுக்கு 60 நாளுக்குள்ளும் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யவில்லை என்றால், ஜாமீனுக்கான பிணையைக் கொடுக்கத் தயாராக இருக்கும் கைதியை விடுவிக்க வேண்டும். கைது செய்யப்பட்ட நாளிலிருந்து அன்றி, நடுவர் (மாஜிஸ்திரேட்) ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட, நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து இந்த நாள்கள் எண்ணப்படுகின்றன. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளில் இந்த வரம்பு 180 நாள் வரை செல்லலாம்; வணிக அளவிலான போதைப்பொருள் வழக்குகளில் வரம்பே 180 நாள், அதை நீதிமன்றம் ஓராண்டு வரை நீட்டிக்கலாம்.

இந்த உரிமை தானாக வந்து சேராது என்பதைக் குடும்பத்தினர் நினைவில் வைக்க வேண்டும். 61-ஆவது நாளில் மனு போடாமல் காத்திருந்து, 63-ஆவது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அதன்பின் வழக்கமான ஜாமீன் மனுதான் வழி. மாறாக, குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே கேட்டுவிட்டால், பிறகு அவசர அவசரமாகத் தாக்கல் செய்து அதைத் தட்டிப் பறிக்க முடியாது. எழுத்து மனு இல்லாமல் வாய்மொழியாகக் கேட்டாலே போதும் என்றும் உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியிருக்கிறது. கொரோனா ஊரடங்கின்போது, வழக்குகளுக்கான காலக்கெடு நீட்டிக்கப்பட்டதைக் காரணம் காட்டி, மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் இந்த ஜாமீன் மறுக்கப்பட்டது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; ஒருவரின் தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்ட இந்த நாள் கணக்குக்கு ஊரடங்கு நீட்டிப்பு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி, வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும் காலத்துக்கு உரியது அதே சட்டத்தின் 479-ஆவது பிரிவு. ஒரு குற்றத்துக்குச் சட்டம் விதித்துள்ள அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையிலேயே கழித்துவிட்டவரை நீதிமன்றம் ஜாமீனில் விடுவிக்க வேண்டும். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு காலமே போதும். அவரை, ஜாமீன்தாரர் இல்லாமல், சொந்தப் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. அந்த ஒரே குற்றச்சாட்டில், முன்தண்டனை ஏதுமின்றிச் சிறையில் இருப்பவர் ஓராண்டு முடிந்ததும் இந்தப் பிரிவின் கீழ் வருகிறார். முன்பு திருட்டு அல்லாத வேறு குற்றத்தில் தண்டனை பெற்றவர் பதினெட்டு மாதம் முடிந்ததும் வருகிறார். குடியிருக்கும் வீட்டில் திருடியதாக மட்டும் வழக்கு என்றால் அதிகபட்சம் ஏழு ஆண்டு. எனவே இருபத்தெட்டு மாதம் அல்லது நாற்பத்திரண்டு மாதம். அரசு வழக்கறிஞரைக் கேட்டபின், காரணங்களை எழுத்தில் பதிந்து, பாதிக் காலத்தைத் தாண்டியும் சிறையில் வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதிகபட்சத் தண்டனைக் காலத்தைத் தாண்டி எவரையும், எக்காரணம் கொண்டும் வைக்க முடியாது. கைதியே ஏற்படுத்திய தாமதம் இந்தக் கணக்கில் சேராது.

பாதிக் கால விதி புதிதல்ல. 2006 முதல் பழைய சட்டத்தின் 436ஏ பிரிவாக இருந்ததுதான். இருந்தும் பலருக்கு அது எட்டாமல் போனதற்குக் காரணம், காலம் முடிந்ததைக் கவனித்து நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டியது யார் என்று அந்தப் பிரிவு கூறவில்லை. புதிய சட்டம் அந்தக் கடமையைச் சிறைக் கண்காணிப்பாளரின் மீது சுமத்தியிருக்கிறது: உரிய காலம் முடிந்தவுடன் அவரே நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பிரிவில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுவே. இது 2024 ஜூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தி, நாடெங்கும் உள்ள சிறைக் கண்காணிப்பாளர்கள் இந்த விண்ணப்பங்களை விரைந்து அனுப்ப வேண்டும் என உத்தரவிட்டது.

ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் குறைத்துக்கொண்டதும் இதே பிரிவுதான். பழைய சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. இப்போது, தண்டனைகளுள் ஒன்றாக ஆயுள் தண்டனை சொல்லப்பட்டுள்ள எல்லாக் குற்றங்களும் விலக்கப்பட்டுள்ளன. அதைவிடப் பெரிய தடை இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ பல வழக்குகளோ நிலுவையில் இருந்தால், நீதிமன்றம் இந்தப் பிரிவின் கீழ் விடுவிக்காது. அந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், ஒரே முதல் தகவல் அறிக்கையில் இரண்டு பிரிவுகள் போடப்பட்டிருப்பதே ஒருவரைத் தடுத்துவிடக்கூடும். காவல் நிலையத்தில் ஒரு வழக்கு ஒரே பிரிவோடு பதிவாவது அரிது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் விளைவு புரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தின்படி, பேச்சு வழக்கில் குண்டாஸ் எனப்படும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு, வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் அந்தத் தடுப்புக் காவல் ஆணை நீங்கும்வரை விடுதலை இல்லை. அதை எதிர்க்க, அந்த ஆணையை ஆராயும் அறிவுரைக் கழகமும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் முக்கிய வழிகள்.

ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் தனி. 1978-இல் ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டத்தில் இருந்த சகோதரரின் பிணையை ஏற்க மறுத்த நடுவரின் செயலை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் உள்ளூர்க்காரர்தான் ஜாமீன்தாரராக வர வேண்டும் என்ற வழக்கம் அதோடு ஒழியவில்லை. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு நடைமுறை வகுத்தது. ஜாமீன் உத்தரவின் மின்நகல் அன்றே அல்லது மறுநாள் சிறைக்கு அனுப்பப்பட வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாதவரின் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானே பரிசீலிக்கலாம். பணம் கட்ட இயலாத விசாரணைக் கைதிகளுக்காக மத்திய உள்துறை அமைச்சகம் 2023-இல் வெளியிட்ட ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்ட நெறிமுறைகள், ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட வழி செய்தன. பணமோசடித் தடுப்பு, போதைப்பொருள், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு இது பொருந்தாது.

காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியுடையவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்திலோ, 15100 என்ற எண்ணிலோ குடும்பத்தினர் தொடர்பு கொள்ளலாம். செல்லும்போது காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், முதல் ரிமாண்ட் தேதி, போடப்பட்டுள்ள எல்லாப் பிரிவுகள், முன்தண்டனை உண்டா இல்லையா, வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளனவா என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால், மேற்சொன்ன இரண்டு வரம்புகளில் எது பொருந்தும் என்பதை அங்கேயே கணக்கிட்டுவிடலாம்.