விண்வெளித் தொழில்நுட்பம் எல்லை கடக்கும்போது: ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வது என்ன?

செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டு செல்லும் ஏவுகலத்துக்கும், வெடிபொருளைத் தொலைதூர இலக்குக்குக் கொண்டு செல்லும் ஏவுகணைக்கும் பொறியியல் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. உந்து இயந்திரம், வழிகாட்டும் கருவி, அடுக்குகளாகப் பிரியும் அமைப்பு, கடும் வெப்பத்தைத் தாங்கும் பொருள்கள் என எல்லாமே இரண்டுக்கும் தேவை. விண்வெளிப் பொருள்களை ஓர் அரசு ஏன் பிற பொருள்களைப்போல் தடையின்றி ஏற்றுமதி செய்ய விடுவதில்லை என்ற கேள்விக்கு இந்த ஒற்றுமையே விடை.

இத்துறையில் உலக அளவில் வழிகாட்டும் ஏற்பாடு, 1987-ஆம் ஆண்டு ஏழு தொழில்வள நாடுகள் சேர்ந்து உருவாக்கிய ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு ஆகும், சுருக்கமாக எம்.டி.சி.ஆர். என்பார்கள். இப்போது இதில் 35 நாடுகள் உள்ளன. இந்தியா 2016 ஜூனில் சேர்ந்தது. இது ஓர் உடன்படிக்கை அன்று என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பொதுவான பட்டியலையும் வழிகாட்டு நெறிகளையும் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொள்கின்றன. உரிமம் தருவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி அந்தந்த அரசே செய்யும் வேலை.

அந்தப் பட்டியலுக்கு இரண்டு வகைகள் உண்டு. 500 கிலோ சுமையைக் குறைந்தது 300 கிலோமீட்டர் தொலைவுக்குக் கொண்டு செல்லக்கூடிய முழு ராக்கெட்டுகளும் அவற்றின் முக்கிய உள்ளமைப்புகளும் முதல் வகை. செயற்கைக்கோள் ஏவுகலங்களும் இதிலேயே அடங்குகின்றன. இவற்றுக்கான விண்ணப்பம் மறுக்கப்படும் என்பதே தொடக்க நிலைப்பாடு. விதிவிலக்காகவே அனுமதி கிடைக்கும். முதல் வகைப் பொருள்களைத் தயாரிக்கும் ஆலையையே ஏற்றுமதி செய்வதற்கோ அந்த விதிவிலக்கும் இல்லை. எரிபொருள் கூறுகள், கட்டமைப்புப் பொருள்கள், சோதனைக் கருவிகள் முதலானவை இரண்டாம் வகை. அவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்படும். பேரழிவு ஆயுதங்களைச் சுமக்கும் அமைப்புகளுக்குத் துணைபோகாத வரை, தேசிய விண்வெளித் திட்டங்களையும் அவற்றில் நடக்கும் பன்னாட்டு ஒத்துழைப்பையும் தடுப்பது நோக்கமன்று என்றும் அந்த நெறிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறையில் எழும் சிக்கல் அனைத்தும் அந்த நிபந்தனையை யார், எப்படிப் பொருள்கொள்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

மக்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வது ‘ஏற்றுமதி’ என்ற சொல்லைத்தான். பெட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்புவது மட்டும் ஏற்றுமதி அன்று. வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவது, வெளிநாட்டிலுள்ள ஒருவர் திறந்து பார்க்கும்படி கோப்பைச் சேமிப்பகத்தில் வைப்பது, பழுதைச் சரிசெய்யும் முறையைத் தொலைபேசியில் விளக்குவது ஆகியவையும் பல நாடுகளின் சட்டப்படி ஏற்றுமதியே. அமெரிக்க விதிகளின்படி, நாட்டுக்குள்ளேயே, ஒரே ஆய்வகத்தில் பணியாற்றும் வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாட்டுக்குரிய தொழில்நுட்பத்தைக் காட்டினால்கூட அவருடைய நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகவே கொள்ளப்படும். ஏற்கெனவே பொதுவெளியில் உள்ள தகவலுக்கும் அடிப்படை அறிவியல் ஆய்வுக்கும் எம்.டி.சி.ஆர். கட்டுப்பாடு பொருந்தாது. ஆகவே, கோள்களின் வளிமண்டலத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுபவர் அஞ்ச வேண்டியதில்லை. அந்த ஆய்வுக்கான கருவியைக் கட்டுபவர் கவனமாக இருந்தே ஆக வேண்டும்.

உரிமம் கேட்கும் நிறுவனம், தன் பொருள் பட்டியலில் எந்த இடத்தில் வருகிறது என்பதை முதலில் வகைப்படுத்த வேண்டும். பிறகு, இறுதியில் அதைப் பயன்படுத்துபவர் யார், எதற்காகப் பயன்படுத்துவார் என்பதற்கு எழுத்துப்பூர்வ உறுதி பெற வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளும்கூட, ஆயுதத் திட்டத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். இந்தியா வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பட்டியலை ஸ்கோமெட் என்பார்கள். 2005-ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான சட்டம் இதற்குப் பின்னணியாக இருக்கிறது. ஒருமுறை வாங்கிய பாகத்தைத் தன் செயற்கைக்கோளில் பொருத்தி மூன்றாவது நாட்டில் ஏவ விரும்பினால், பாகத்தை முதலில் தந்த நாட்டின் ஒப்புதலும் தேவைப்படலாம். வடிவமைப்பு முடிந்தபின் இதை நினைத்துப் பார்ப்பவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடுகிறது. பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே வகைப்பாட்டையும் குறித்துவைப்பது இத்துறையில் மிகத் தேவையான ஒழுக்கம் என்பது என் கருத்து.

இறுக்கமான கட்டுப்பாடு எப்போதும் விரும்பிய பலனைத் தருவதில்லை. சோவியத் ஒன்றியத்தின் (பின்னர் ரஷ்யாவின்) கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்திடமிருந்து, கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் இயந்திரங்களையும் அவற்றைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தையும் பெற இந்தியா 1991-இல் ஒப்பந்தம் செய்தது. எம்.டி.சி.ஆர். நெறிகளைச் சுட்டிக்காட்டி 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் இரண்டாண்டுத் தடை விதித்தது. தயார்நிலை இயந்திரங்கள் மட்டும் வந்தன, தொழில்நுட்பம் வரவில்லை. திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் கடுங்குளிரில் வைத்து நிரப்பும் இயந்திரம் ஏவுகணைக்கு உகந்ததன்று என்று அப்போதே வாதிடப்பட்டது. அந்த வாதம் வலுவானது என்றே நான் கருதுகிறேன். உள்நாட்டிலேயே உருவாக்கிய கிரையோஜெனிக் மேல்நிலை (ராக்கெட்டின் மேலடுக்கு) 2014 ஜனவரி 5 அன்று இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தில் வெற்றியுடன் பறந்தது.

அமெரிக்காவுக்குள்ளேயும் ஒரு பாடம் உண்டு. 1999-இல் வணிகச் செயற்கைக்கோள்கள் அனைத்தும் போர்த்தளவாடப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. ஐரோப்பிய நிறுவனமான தாலஸ் அலீனியா, அமெரிக்கப் பாகங்கள் இல்லாத செயற்கைக்கோள் என்று அறிவித்துச் சந்தையில் இறங்கியது. அத்தகைய ஒன்றைச் சீன ராக்கெட் 2007-இல் ஏவியது. அமெரிக்கா 2014-இல் பெரும்பாலான வணிகச் செயற்கைக்கோள்களை மீண்டும் வணிகத் துறையின் பட்டியலுக்கே கொண்டுவந்தது.

இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவிலும் நாடுகள் சேர்ந்து வேலை செய்வதற்கான வழிகள் உள்ளன. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கான 1998 ஒப்பந்தத்தின் 19-ஆம் பிரிவு, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குரிய தரவைத் தரும் நாடு அதில் குறியிட்டுத் தரவும், பெறும் நாடு அந்தக் குறிப்பின்படியே அதைக் கையாளவும் வழிசெய்கிறது. ஒரு நாட்டின் பாகத்தை இன்னொரு நாட்டு ஏவுதளத்துக்குக் கொண்டு செல்லத் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் போடப்படுகின்றன. யார் எந்த அறைக்குள் நுழையலாம், பெட்டியை யார் திறக்கலாம், ஏவுதல் தோற்றால் சிதறல்களை யார் எப்படிக் கையாள்வது என்பவை வரை அவற்றில் எழுதப்படும். அமெரிக்காவும் இந்தியாவும் 2009-இல் இத்தகைய ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரேசில் 2000-இல் கையெழுத்திட்டது. இறையாண்மைக்கு இழுக்கு என்ற எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை, 2019-இல் புதிதாக ஒன்று செய்ய வேண்டியிருந்தது.

இத்தகைய ஒத்துழைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார். 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட இந்தச் செயற்கைக்கோளில் எல்-அலை ரேடார் நாசாவுடையது, எஸ்-அலை ரேடார் இஸ்ரோவுடையது. இஸ்ரோவின் ரேடார் 2021-இல் கலிபோர்னியாவுக்குச் சென்று, நாசாவின் ரேடாருடன் பொருத்தப்பட்டு, 2023-இல் பெங்களூருக்கு வந்தது. அதை விண்ணுக்கு ஏற்றிச் சென்றது கிரையோஜெனிக் மேல்நிலை பொருத்திய ஜி.எஸ்.எல்.வி.