ஸ்டெல்லாவைக் கூப்பிடும் முன் குரல்நாணைக் கொஞ்சம் நினையுங்கள்

இங்கே அமெரிக்காவில் ஊர்தோறும் உள்ள சமூக நாடகக் குழுக்கள் தங்கள் நாட்டுச் செவ்வியல் நாடகங்களைத் தூசு தட்டி எடுக்கும் பருவம் வந்துவிட்டால், எங்கள் குரல் சிகிச்சைப் பிரிவுக்குத் தொண்டை போன ஸ்டான்லி கோவால்ஸ்கிகளும் வரத் தொடங்கிவிடுகிறார்கள். டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தின் மூன்றாம் காட்சியில், கர்ப்பிணி மனைவி ஸ்டெல்லாவை அடித்துவிட்ட ஸ்டான்லி, மாடி வீட்டில் தஞ்சம் புகுந்துவிட்ட அவளைக் கீழே நின்றபடி பெயர் சொல்லிக் கத்தி அழைக்கிறான். அந்தக் கத்தல் வானத்தையே பிளக்க வேண்டும் என்று ஆசிரியர் மேடைக்குறிப்பில் எழுதி வைத்துவிட்டார். எழுதியவருக்கு என்ன, கிழிவது நடிப்பவரின் தொண்டைதானே!

அண்மையில் வந்தவர் பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, மாலை ஏழு மணிக்கு மேல் ஒத்திகைக்குப் போகிறவர். அந்த ஒற்றைப் பெயரைக் கத்திய நொடியிலேயே குரல் சட்டென்று அடைத்துக்கொண்டும், தேனையும் எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரையும் நம்பி வார இறுதிக் காட்சிகள் அத்தனையையும் நடித்து முடித்துவிட்டுத்தான் வந்தார். உள்ளே கேமராவைச் செலுத்திப் பார்த்தபோது, முத்து வெண்மையில் இருக்க வேண்டிய இரண்டு குரல்நாண்களில் ஒன்று வெற்றிலை போட்ட நாக்கைப் போலச் சிவந்திருந்தது. நாணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அதற்கு முதல் மருந்து முழு மௌனம். அந்த மௌனத்தைக் கடைப்பிடிக்காமல் தொடர்ந்து பேசினால் தழும்பு விழுந்து, குரல் பழைய நிலைக்குத் திரும்பாமலே போகக்கூடும்.

இந்தத் தேன் விவகாரத்தை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி, குரல்வளை மூடி கவிழ்ந்து, நாண்களும் ஒன்றோடொன்று இறுகச் சேர்ந்து, மூச்சுப் பாதை முழுவதுமாக அடைபட்டுவிடுகிறது. தேன் அதற்குப் பின்னாலுள்ள உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போய்விடுகிறது. அது உண்மையிலேயே நாணின் மீது பட்டிருந்தால் உங்களுக்கு இதம் தெரிந்திருக்காது, புரையேறியிருக்கும். மெந்தால் மிட்டாய்க்கும், நம் வீட்டு அதிமதுரத்துக்கும், பனங்கற்கண்டுக்கும் இதே பாதைதான். வாயும் மேல்தொண்டையும் இதமாவது உண்மை, அந்த இதத்தைக் குரல் சரியாகிவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு மறுபடியும் மேடையேறுவதில்தான் ஆபத்து இருக்கிறது. மரத்துப்போகச் செய்யும் தொண்டை ஸ்ப்ரே இதைவிட மோசம், ஏனென்றால் எச்சரிக்கை செய்ய இருக்கும் வலியையே அது வாயடைத்துவிடுகிறது. தண்ணீர் உதவும், ஆனால் உடல் முழுவதும் ஊறித்தான் அது நாணுக்குப் போய்ச் சேரும் என்பதால், நாள் முழுவதும் குடித்துவர வேண்டுமே தவிர, திரை விலகும் முன் ஒரு பாட்டிலைக் காலிசெய்வதில் பயன் இல்லை. நேராக நாணைத் தொடுவது மூச்சோடு உள்ளே போகும் நீராவி மட்டுமே. கிசுகிசுப்பாகப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது ஓய்வன்று, பலருக்கு அது கூடுதல் இறுக்கம்.

"மார்லன் பிராண்டோ கத்தவில்லையா?" என்று தவறாமல் கேட்கிறார்கள். கத்தினார். 1947 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயில் அந்த நாடகம் அரங்கேறியபோது ஸ்டான்லியாக நடித்த அவருக்கு 23 வயது, நடிப்பு மட்டுமே அவருடைய தொழில். எல்லாரும் நகலெடுக்கப் பார்க்கும் 1951ஆம் ஆண்டுத் திரைப்படக் கத்தலோ மைக்ரோஃபோனுக்கு முன் பதிவானது. எட்டு மணி நேரம் வகுப்பறையில் பேசித் தீர்த்த ஐம்பது வயதுத் தொண்டையிடம் அதையே கேட்பது நியாயமில்லை.

ஸ்டான்லிகள் மட்டும் வருகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்' நாடகத்தில், நீதிமன்றக் காட்சியில் மஞ்சள் பறவையைக் கண்டதாகச் சிறுமிகள் கூட்டமாக அலறும் இடத்தை ஒரே மாலையில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கும் இயக்குநர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். எங்கே நின்று அலறுவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் தாழ்ந்த குரலிலேயே பழக்கிவிடலாம். முழு அலறலைக் கடைசி ஒத்திகைகளுக்கும் காட்சிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்லிக்கும் அதே விதிதான். 1962இல் எட்வர்ட் ஆல்பியின் 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்' பிராட்வேயில் நடந்தபோது, மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் அந்தச் சச்சரவை ஒரே நாளில் இருமுறை நடிப்பது தாங்காது என்று பிற்பகல் காட்சிகளுக்கு வேறு நடிகர்களை அமர்த்தினார்கள். உங்கள் குழுவிலோ சனி இரவுக் காட்சியை முடித்த அதே நடிகர் ஞாயிறு பிற்பகலும் நிற்கிறார், மாற்று நடிகர் என்ற பேச்சே இல்லை. அந்த ஒரு பாத்திரத்துக்காவது ஒரு மாற்றை வைத்துக்கொள்ளக் கூடாதா?

காட்சி முடிந்ததும் இரைச்சலான உணவகத்தில் கொண்டாட்டம் வேண்டாம். இரைச்சலை மீறிப் பேசுவதும் கத்தல்தான், அங்கே உங்களுக்குக் கைதட்டக்கூட ஆளில்லை. மேடையில் மூலிகைச் சிகரெட் புகைப்பதால் தீங்கில்லை என்று நினைக்காதீர்கள், அதுவும் புகையே. தொண்டை வலிக்கு நீங்களாக ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ விழுங்கிவிட்டுக் கத்தாதீர்கள், அவை இரத்தம் கசிவதை எளிதாக்கும். இதயத்துக்காக மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரினை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

கத்தும்போதே குரல் சட்டென்று போய்விட்டால் அந்த நொடியிலிருந்து வாயைத் திறக்காமல், அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். மெல்ல மெல்லக் கரகரப்பாகி நான்கு வாரம் ஆகியும் தெளியவில்லை என்றாலும் நாணைப் பார்த்தே ஆக வேண்டும். புகைபிடிப்பவர் அத்தனை நாள் காத்திருக்கவே கூடாது. ஒன்றும் ஆகாதவர்கள்கூடப் பாத்திரம் கிடைத்த வாரத்திலேயே எங்களிடம் வரலாம். வரும்போது நாடகப் பிரதியில் கத்தும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்து எடுத்து வாருங்கள், எந்த இடத்தில் எவ்வளவு குரல் போதும் என்பதை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.